காரணம் சொல்லும் அவசரம்

உடம்பில் ஒரு வலி வந்தால் மருந்துக்கு முன்பே காரணங்கள் வந்து சேர்ந்துவிடுகின்றன. போன ஐப்பசியில் என் இடது கணுக்கால் வீங்கியபோது எனக்குச் சொல்லப்பட்டவற்றை அப்படியே எழுதுகிறேன். கணவரின் அக்கா, எங்கள் பக்க வழக்கில் நங்கையா, "மலைப்படி ஏற வேண்டாம்னு சொன்னேன், கேட்டியா?" என்றார். மருந்துக்கடைத் தம்பி காலைப் பார்த்ததும், "யூரிக் ஆசிட்தானுங்க அக்கா" என்று ஓர் அட்டை மாத்திரையை எடுத்து மேஜையில் வைத்தார். எதிர்வீட்டார் துவரம்பருப்பையும் கீரையையும் குற்றம் சொன்னார்கள். ஜாதகம் பார்க்கும் உறவுக்காரர் சனி இருக்கும் இடத்தைச் சொன்னார். கோயிலில் வழக்கமாகப் பார்க்கும் பாட்டி ஒருவர் என் தோளைத் தொட்டு, "ஏதோ முன்வினை கண்ணு, காலோட போகட்டும்" என்றார்.

பாட்டி அன்பாகத்தான் சொன்னார். ஆனாலும் அன்று இரவு தூக்கம் வராமல் கிடந்தபோது மற்ற எல்லாப் பேச்சையும்விட அதுவே நெஞ்சில் உறுத்திக்கொண்டிருந்தது. யோசித்துப் பார்த்தால் அத்தனை பேரும் எனக்குச் சொன்ன செய்தி ஒன்றுதான்: நீ ஏதோ செய்திருக்கிறாய், அதனால் வந்தது. ஒருவருக்கு அது படி, இன்னொருவருக்குப் பருப்பு, மற்றொருவருக்குப் போன பிறவி. என் கணுக்காலுக்குள் என்ன நடக்கிறது என்பதை அவர்களில் யாரும் பார்த்திருக்கவில்லை.

'இது என்ன?' என்பது ஒரு கேள்வி. 'இது எனக்கு ஏன்?' என்பது வேறொரு கேள்வி. முதலாவதற்கு விடை தேடப் பொறுமை வேண்டும், கருவி வேண்டும், சில சமயம் ஊசி வேண்டும். இரண்டாவதற்கு விடை சொல்ல வாய் இருந்தால் போதும் என்று நினைக்கிறோம். அதனாலேயே முதல் கேள்வி முடியும் முன்பு இரண்டாவதற்குத் தீர்ப்பு எழுதிவிடுகிறோம். இது மருத்துவத்தில் மட்டும் நடக்கிற பிழை என்று எனக்குத் தோன்றவில்லை. அறிவைப் பற்றியும் வினையைப் பற்றியும் நம் சமயங்கள் சொன்னதை நாம் மறந்துவிட்டதன் அடையாளம் அது.

என்னைப் பற்றிக் கொஞ்சம். திருச்செங்கோட்டுக்காரி. அரசு மருத்துவமனை ஆய்வகத்தில் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவள். பணியில் இருந்த காலமெல்லாம் ஸ்லைடும் மைக்ராஸ்கோப்பும்தான் வாழ்க்கை. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் சைவ சித்தாந்த வகுப்புக்குப் போகிறேன். அங்கே முதலில் படிக்கச் சொன்னது இறைவனைப் பற்றியோ உயிரைப் பற்றியோ இல்லை. அளவை. அதாவது ஒன்றை அறிந்தேன் என்று சொல்வதற்கு என்ன தகுதி வேண்டும் என்பது. அருணந்தி சிவாச்சாரியார் 13ஆம் நூற்றாண்டில் எழுதிய சிவஞான சித்தியார், மற்றவர்கள் பலவாகச் சொல்லும் அளவைகளைக் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றுக்குள் அடக்குகிறது. கண்டது, கண்டதைக் கொண்டு ஊகித்தது, நம்பத் தகுந்தவர் சொன்னது. காண்டலிலும் ஐயம் இருக்கலாம், திரிபு இருக்கலாம். அவை நீங்கிய காட்சியே அளவை. இதைப் படித்தபோது எனக்கு ஆய்வகத்தில் முதல் நாள் சொல்லிக்கொடுத்த பாடம் போலவே இருந்தது.

வலி நள்ளிரவில் வந்தது. படுக்கும்போது ஒன்றும் இல்லை. விடியும்போது கணுக்கால் எலும்பின் மேடு தெரியாதபடி தோல் பளபளவென்று இழுத்து நின்றது. புறங்கையை வைத்துப் பார்த்தால் மற்றக் காலைவிட நல்ல சூடு. போர்வை நுனி பட்டால்கூட உடம்பு முழுக்கத் துள்ளியது. அடி படவில்லை, சுளுக்கவில்லை. மலைக்குப் போய்வந்து பல நாட்கள் ஆகியிருந்தன.

இந்த வர்ணனையைக் கேட்கும் எந்த மருத்துவரும் முதலில் கவுட்டை, அதாவது யூரிக் ஆசிட் படிகமாகி மூட்டில் இறங்குவதால் வரும் வாதத்தை, நினைப்பார். நினைக்கத்தான் வேண்டும். கவுட் திடீரென்று, பெரும்பாலும் இரவில், ஒரே மூட்டில் வரும். ஒரு நாளைக்குள் உச்சத்துக்குப் போகும். மருந்து இல்லாவிட்டாலும் ஓரிரு வாரத்தில் தானாக அடங்கும். பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் இருக்கும். அதற்குப் பிடித்த இடம் கால் பெருவிரலின் அடிமூட்டு. கணுக்காலிலும் வரும், ஆனால் கணுக்காலில் வந்தால் சந்தேகத்துக்கு இடம் கூடுதல். கவுட்டை வகைப்படுத்த 2015இல் அமெரிக்க, ஐரோப்பிய மூட்டு மருத்துவ அமைப்புகள் சேர்ந்து போட்ட மதிப்பெண் முறையில் பெருவிரல் மூட்டுக்கு 2 மதிப்பெண், கணுக்காலுக்கு 1. அதே முறையில், வலிக்கும் மூட்டின் நீரில் யூரேட் படிகத்தைக் கண்டுவிட்டால் வேறு எந்த மதிப்பெண்ணும் கூட்ட வேண்டியதில்லை. காண்டல் வந்தபின் கருதலுக்கு வேலை இல்லை என்று சித்தாந்த வகுப்பில் சொல்வதும் இதுதான்.

முதலில் இரத்தம் கொடுத்தேன். யூரிக் ஆசிட் 7.6 என்று வந்தது. மருந்துக்கடைத் தம்பி சொன்னது சரியாகிவிட்டதாக வீட்டில் எல்லோருக்கும் தோன்றியது.

அந்த எண்ணை இந்தக் கைகளாலேயே எத்தனையோ பேருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அது எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பது எனக்குத் தெரியும். ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் ஏறக்குறைய 6.8 மில்லிகிராமுக்கு மேல் போனால் யூரேட் முழுதும் கரைந்து நிற்க முடியாது; படிகமாக இறங்க வாய்ப்பு உண்டு. உடம்பின் நடுப்பகுதியைவிடப் பாதம் குளிர்ச்சியானது, குளிரில் கரைதிறன் குறையும். கவுட் காலைப் பிடிப்பதற்கு இது ஒரு காரணம். ஆனால் 7, 8 என்று யூரிக் ஆசிட் இருந்தும் வாழ்நாள் முழுக்கக் கவுட் வராதவர்களே அதிகம். மறுபக்கம், கவுட் உச்சத்தில் இருக்கும் நேரத்தில் இரத்தத்தில் யூரிக் ஆசிட் இறங்கிச் சாதாரண அளவு காட்டுவதும் உண்டு. அதாவது எண் கூடியிருந்தும் நோய் இல்லாமல் இருக்கலாம். எண் சரியாக இருந்தும் நோய் இருக்கலாம்.

இப்படிப்பட்ட சான்றை என்ன செய்வது என்று மணிமேகலையில் ஒரு காதை முழுக்கப் பேசுகிறது. காஞ்சியில் அறவண அடிகள் மணிமேகலைக்குத் தருமம் சொல்லும் இடம். தருமத்துக்கு முன்னால் அவர் தருக்கம் சொல்கிறார். ஒரு துறவுப் பெண்ணுக்கு முதலில் ஏது எது, ஏதுவைப் போலத் தோன்றுவது எது என்று பிரித்துக் காட்டுகிறார். ஏதுப்போலிகளில் ஒன்றுக்கு அநைகாந்திகம் என்று பெயர். நிறுவ வேண்டிய பொருள் உள்ள இடத்திலும் இருக்கும், இல்லாத இடத்திலும் இருக்கும். ஆகவே எதையும் நிறுவாது. புகை நெருப்பைக் காட்டுவது நெருப்பில்லாத இடத்தில் புகை இல்லை என்பதால்தான். என் 7.6 அப்படிப்பட்ட புகை இல்லை. நான் இரத்த அழுத்தத்துக்கு விழுங்கிவரும் மாத்திரையில் ஹைட்ரோகுளோரோதயாசைடு என்ற சிறுநீர் பெருக்கி சேர்ந்திருக்கிறது. அது யூரிக் ஆசிட்டை ஏற்றும். கால் வலிக்காத நாளிலும் எனக்கு அந்த எண் கூடுதலாகத்தான் இருந்திருக்கும்.

இந்தக் காதையைப் பலர் பௌத்த தருக்கத்தின் வறட்டுப் பட்டியல் என்று தாண்டிவிடுகிறார்கள். எனக்கு அது காப்பியத்தின் கருணை மிகுந்த பகுதிகளில் ஒன்றாகப் படுகிறது. அமுதசுரபியால் பசி தீர்த்த ஒருத்திக்கு, தவறான காரணத்தை நம்பாமல் இருக்கக் கற்றுக் கொடுக்கிறார் அடிகள். தவறான காரணத்தால் மனிதர்கள் படும் துன்பம் பசிக்குக் குறைந்ததில்லை.

நான் போன மூட்டு மருத்துவர் இளைஞர். என் ரிப்போர்ட்டை ஓரமாக வைத்துவிட்டுக் கேள்வி கேட்கத் தொடங்கினார். காய்ச்சல் இருந்ததா? குளிர் நடுக்கம்? கொஞ்ச நாளுக்கு முன் வயிற்றுப்போக்கோ சிறுநீர் எரிச்சலோ? சிக்குன்குனியா வந்ததுண்டா? 2006இல் தமிழ்நாடு முழுக்கப் பரவிய அந்தக் காய்ச்சலுக்குப் பிறகு மாதக்கணக்கில் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு நடந்தவர்களை நானே பார்த்திருக்கிறேன். காசநோய் வீட்டில் யாருக்காவது? தோலில் செதில் செதிலாகப் புண்? என்னென்ன மாத்திரை? ஒவ்வொரு கேள்வியும் ஒரு வாசலைத் திறந்து பார்த்து மூடுவது போல இருந்தது. அவர் கடைசி வரை அஞ்சியது மூட்டுக்குள் கிருமி புகுந்திருக்குமோ என்பதற்கு. அது கவுட் போலவே தோன்றும், சில நாட்களில் குருத்தெலும்பை அரித்துவிடும், உயிருக்கே ஆபத்தாகலாம். கவுட் இருக்கிற மூட்டிலேயே கிருமியும் சேர்ந்து இருக்கலாம். "ஊசி போட்டு நீர் எடுத்துப் பாத்துரலாங்கம்மா. பாக்காம பேர் வைக்க வேண்டாம்" என்றார். அந்தச் சொல்லுக்காகவே அவரைக் கும்பிடலாம் என்றிருந்தது.

கணுக்காலின் முன்புறம், பாதத்தைத் தூக்கினால் புடைக்கும் தசைநாணுக்கு உட்பக்கமாக ஊசி இறங்கியது. சிரிஞ்சில் ஏறிய நீரை என் கண்ணால் பார்த்தேன். நல்ல மூட்டின் நீர் தெளிவாக, வைக்கோல் நிறத்தில், துளி விட்டால் நூலாக நீண்டு தொங்கும். என்னுடையது கலங்கலாக இருந்தது. கண்ணாடித் தகட்டில் விட்டபோது நூல் இழுக்கவில்லை, தண்ணீர்போல் சொட்டியது. அழற்சி இருக்கிறது என்பதற்கு அது போதும். எதனால் என்பதற்குப் போதாது. கிருமி வளர்க்க ஒரு பங்கு போயிற்று, அணு எண்ண ஒரு பங்கு. ஒரு துளி ஸ்லைடில்.

என்னிடம் வேலை கற்ற பெண் ஒருத்தி அங்கே ஆய்வகத்தில் இருக்கிறாள். "மேடம், நீங்களே பாருங்க" என்று நாற்காலியை நகர்த்திப் போட்டாள். துருவ ஒளியில் மூட்டு நீரைப் பார்த்து யூரேட் படிகத்தை அடையாளம் காட்டலாம் என்பதை டேனியல் மெக்கார்ட்டியும் ஜோசப் ஹாலண்டரும் 1961இல் வெளியிட்டார்கள். அதற்கு முன்பு ஆல்ஃபிரட் காரட் 1848இல் கவுட் நோயாளியின் இரத்தத்தில் யூரிக் ஆசிட் இருப்பதைக் காட்டியிருந்தார். இரத்தத்தில் கண்டதிலிருந்து வலிக்கிற மூட்டிலேயே காண்பதற்கு நூறு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. அதுவரை மருத்துவர்களும் பெரும்பாலும் கருதலில்தான் நின்றார்கள்.

கவுட்டின் படிகம் ஊசி போல் நீண்டு கூர்ந்திருக்கும். கருப்புப் பின்னணியில் பளீரென்று மின்னும். சிவப்புத் தகட்டைச் செருகினால், அதன் அச்சுக்கு இணையாகக் கிடக்கும்போது மஞ்சள், குறுக்கே கிடக்கும்போது நீலம். நான் ஊசியைத் தேடினேன். ஒரு புலம் மாற்றி இன்னொரு புலம் என்று நகர்த்திக்கொண்டே போனேன். ஊசி இல்லை. வெள்ளணு ஒன்றின் உள்ளே, மங்கலாக, கட்டைகுட்டையாக, சாய்சதுர வடிவில் ஒன்று இருந்தது. அச்சுக்கு இணையாகத் திருப்பினோம். நீலம், அதுவும் வெளிறிய நீலம். பக்கத்துப் புலத்தில் இன்னும் இரண்டு. கால்சியம் பைரோபாஸ்பேட். 1962இல் அதே மெக்கார்ட்டிதான் இதைத் தனி நோயாகப் பிரித்துச் சூடோகவுட் என்று பெயர் வைத்தார். கவுட்டைப் போலவே வரும், கவுட் இல்லை. யூரிக் ஆசிட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பருப்புக்கும் சம்பந்தமில்லை. எக்ஸ்ரேயில் முழங்கால் குருத்தெலும்பிலும் சுண்ணாம்புக் கோடு தெரிந்தது. கிருமி வளரவில்லை என்று பிறகு தெரிந்தது.

மருந்துக்கடையில் எடுத்து வைத்த அந்த அட்டையை வாங்கியிருந்தால் இல்லாத நோய்க்கு ஆயுள் முழுக்க மாத்திரை விழுங்கியிருப்பேன். வலி தானாக அடங்கும் நோய் என்பதால், மாத்திரையால்தான் அடங்கிற்று என்றும் நம்பியிருப்பேன். அந்த நம்பிக்கையை யாரும் அசைத்திருக்க முடியாது.

"இது எனக்கு எதனால் வந்தது டாக்டர்?" என்று கேட்டேன். கால்சியம், மக்னீசியம், பாராதைராய்டு, இரும்பு எல்லாம் பார்த்தார். சரியாக இருந்தன. "வயசுதாங்கம்மா. பெரும்பாலானவங்களுக்கு அதுக்கு மேல காரணம் தெரியாது" என்றார். நான் கேட்டதிலேயே மிகவும் ஆறுதலான பதில் அது. யாரையும் குற்றவாளி ஆக்காத பதில்.

கவுட்டாகவே இருந்திருந்தால்? அப்போது என் உறவுகள் சொன்னது சரியாகியிருக்குமா? இதை நான் விரித்துச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் எங்கள் தெருவில் ஒருவருக்கு உண்மையிலேயே கவுட் இருக்கிறது. ரிக் லாரியில் போகும் தம்பி. எங்கள் ஊர் ரிக் வண்டிகள் இந்தியா முழுக்க ஆழ்துளைக் கிணறு போடப் போகின்றன. மாதக்கணக்கில் வெயில், தூசி, தூக்கமில்லாத இரவுகள், போதாத தண்ணீர். அவருக்குப் பெருவிரல் வீங்கிய முதல் நாளே ஊர் முடிவு கட்டிவிட்டது: குடிக்கிறான். அவர் மதுவைத் தொட்டதில்லை. மாமியார் வீட்டில் அதை நம்ப யாரும் தயாராக இல்லை. டாக்டரிடம் போனால் 'குடிகாரன்' என்பது உறுதியாகிவிடுமோ என்று பயந்து, வருடக்கணக்கில் வலி மாத்திரையை மட்டும் விழுங்கிச் சமாளித்தார். கடைசியில் சிறுநீரகத்தில் கிரியேட்டினின் ஏறியபின்தான் மருத்துவரிடம் போனார். பழிச்சொல் ஒரு மனிதனின் சிறுநீரகத்தைக் கெடுத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

கவுட் பழிச்சொல்லோடு பிறந்த நோய். ஐரோப்பாவில் அரசர்களின் நோய் என்றார்கள். நம் சரக சம்ஹிதை வாதரக்தம் என்று வர்ணிக்கும் நோய்க்கும் பணக்காரர்களின் வாதம் என்று பொருள்படும் இன்னொரு பெயரைத் தருகிறது. உணவுக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. இறைச்சி, கடல் மீன், பீர், சர்க்கரைப் பானங்கள் ஆபத்தைக் கூட்டும். பருப்பு, கீரை போன்ற தாவர உணவுகள் அப்படிக் கூட்டுவதாக 2004இல் வந்த பெரிய ஆய்வில் தெரியவில்லை. ஆனால் ஒருவரின் யூரிக் ஆசிட் அளவைத் தீர்மானிப்பதில் தட்டைவிடப் பெரிய பங்கு பரம்பரைக்கும் சிறுநீரகத்துக்கும் இருக்கிறது. பெரும்பாலான பாலூட்டிகளிடம் யூரிக் ஆசிட்டைச் சிதைக்கும் யூரிகேஸ் என்ற நொதி உண்டு. மனிதர்களுக்கும் வாலில்லாக் குரங்குகளுக்கும் அது இல்லை. கோடி ஆண்டுகளுக்கும் முன்பே நம் முன்னோர் வழியில் அந்த மரபணு செயலிழந்துவிட்டது. ரிக் லாரித் தம்பியின் பெருவிரலில் இறங்கிய ஊசிக்குப் பின்னால் இவ்வளவு நீண்ட கதை இருக்கிறது. நாம் அவர் கையில் ஒரு பாட்டிலைக் கற்பனை செய்து கதையை முடித்துக்கொண்டோம்.

இனி வினைக்கு வருகிறேன். நான் சைவப் பெண். வினை உண்டு என்று நம்புகிறேன். பாட்டி சொன்னதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட்டுப் போக எனக்கு முடியாது, அப்படித் தள்ளுவது நேர்மையாகவும் இருக்காது. ஆனால் வினையைப் பற்றிச் சித்தாந்தம் உண்மையில் என்ன சொல்கிறது? வினை சடம், அதற்கு அறிவில்லை, தானாக வந்து செய்தவனைத் தேடிச் சேராது. உயிருக்கோ எந்த வினை எந்தப் பயனைத் தரும் என்று தெரியாது. தெரிந்தாலும் துன்பத்தைத் தானே எடுத்துக்கொள்ளாது. ஆகவே எந்த வினையின் பயனை எப்போது எந்த உயிருக்கு ஊட்டுவது என்பதை அறிந்தவன் இறைவன் ஒருவனே. இறைவன் வேண்டும் என்பதற்குச் சித்தாந்தம் தரும் காரணங்களில் இது முக்கியமானது. அப்படியென்றால், 'இந்த வலி இந்தப் பாவத்தால்' என்று இன்னொருவரின் காலைப் பார்த்துச் சொல்பவர் எந்த அளவையால் சொல்கிறார்? என் முற்பிறவியை அவர் கண்டதில்லை. கருதவும் முடியாது, ஏனென்றால் இன்ன பாவமும் இன்ன மூட்டுவலியும் சேர்ந்தே வருவதை யாரும் கண்டதில்லை. உரையும் இல்லை, எந்த ஆகமத்திலும் என் பெயர் இல்லை. மூன்று அளவையும் இல்லாத இடத்தில் அவர் உட்காருவது இறைவன் மட்டும் உட்காரும் இடத்தில். வினைக் கொள்கையை நம்புகிறவர்தான் முதலில் வாயை மூடிக்கொள்ள வேண்டியவர் என்பது என் முடிவு.

இதற்குச் சாட்சி எங்கள் ஊரிலேயே இருக்கிறது. பெரியபுராணத்தில் திருஞானசம்பந்தர் கொடிமாடச் செங்குன்றூருக்கு, அதாவது எங்கள் செங்கோட்டுக்கு, வந்து தங்குகிறார். பனிக்காலம். உடன் வந்த அடியார்களுக்குக் குளிர் சுரம் பிடிக்கிறது. இந்த நாட்டில் இந்தப் பருவத்தில் இது வருவது இயல்புதான் என்று சொல்கிறார்கள். சம்பந்தர் அப்படியா என்று விட்டுவிடவில்லை. திருநீலகண்டப் பதிகம் பாடுகிறார். வினையால் வந்தது என்று வாயால் சொல்லிக்கொண்டு, அதிலிருந்து மீளும் வழியைத் தேடாமல் இருப்பது உங்களுக்குக் குறை என்பதுதான் அதன் தொடக்கத்திலேயே வரும் கருத்து. சுரம் நீங்குகிறது. மலை அடிவாரத்தில் பிறந்து வளர்ந்த நாங்கள் அந்தப் பதிகத்தைச் சுரம் போக ஓதுகிறோம், ஓதுவது நல்லது. அதற்குள் இருக்கும் வாதத்தையும் கொஞ்சம் கேட்கலாம். வினை என்பது தேடலை நிறுத்தும் சொல்லாக இருக்கக்கூடாது என்று அந்தக் குழந்தை சொன்னது 7ஆம் நூற்றாண்டில்.

புத்தரிடமும் இதே கேள்வி போயிருக்கிறது. சங்யுத்த நிகாயத்தில் மோளிய சீவகன் என்ற பரிவிராசகன் வந்து, மனிதன் அனுபவிக்கும் இன்பதுன்பம் எல்லாமே முன்செய்ததால் வருவது என்று சிலர் சொல்கிறார்களே என்று கேட்கிறான். புத்தர் எட்டுக் காரணங்களை வரிசையாகச் சொல்கிறார்: பித்தம், கபம், வாதம், இம்மூன்றின் கூட்டு, பருவ மாற்றம், தன்னைச் சரியாகப் பேணாமை, வெளியிலிருந்து வரும் தாக்குதல், கடைசியாக வினைப்பயன். எட்டில் ஒன்றுதான் வினை. எல்லாம் வினையே என்பவர்கள் தாமே அறியக்கூடியதையும் உலகம் ஒப்புக்கொண்டதையும் மீறிப் போகிறார்கள் என்கிறார். வினையைப் போதித்தவரே அதற்கு எல்லை கட்டுவதைக் கவனியுங்கள். என்னோடு வேலை பார்த்த நர்ஸ் அக்கா ஒருவர், பிறவிக் குருடனைக் காட்டி இவன் பாவம் செய்தானா, பெற்றவர்கள் செய்தார்களா என்று சீடர்கள் இயேசுவிடம் கேட்டதையும், அவர் இரண்டும் இல்லை என்றதையும் வார்டில் அடிக்கடி சொல்வார். மூன்று மரபிலும் கேட்டவர்கள் காரணத்தைத் தயாராக வைத்துக்கொண்டே வந்தார்கள். பெரியவர்கள் அதை அவர்கள் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தார்கள்.

திருநாவுக்கரசரைப் பற்றிக் கேட்பீர்கள். அவருக்கு வந்த சூலை இறைவன் ஆட்கொள்ள வந்த நோய் என்றுதானே சேக்கிழார் பாடினார்? ஆமாம். நானும் அப்படித்தான் கும்பிடுகிறேன். ஆனால் அந்த வலிக்குத் தன் பழைய கொடுமைகளைக் காரணமாக வைத்துப் பாடியவர் வலித்தவரே. திருவதிகையில் தம்பியை ஏற்றுக்கொண்ட திலகவதியார், நீ செய்ததற்கு வந்தது என்று அவரைத் தள்ளிவிடவில்லை. திருநீற்றைக் கொடுத்தார், கோயிலுக்கு அழைத்துப் போனார். தன் வலிக்கு அர்த்தம் தேடும் உரிமை வலிக்கிறவருக்கு உண்டு. இரவில் விழித்துக்கிடக்கும்போது நானும் என் வாழ்க்கையைத் திருப்பிப் பார்த்தேன், சிலரிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டேன். அது எனக்கும் இறைவனுக்கும் நடுவில். பக்கத்தில் நிற்பவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை திலகவதியார் செய்த வேலை.

எனக்குக் கொடுத்த மருந்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கோல்ச்சிசின். கவுட்டுக்கும் இதற்கும் இரண்டுக்கும் கொடுப்பார்கள். அது நம் செங்காந்தளில் இருக்கிறது. தாராபுரம், மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் கண்வலிக்கிழங்கு என்ற பெயரில் கம்பிப் பந்தலில் ஏற்றிப் பயிரிடுகிறார்கள். விதை மருந்துக்காக வெளிநாட்டுக்குப் போகிறது. குறிஞ்சிப்பாட்டில் பெண்கள் பறித்துக் குவிக்கும் பூக்களில் முதலில் வருவதும், இன்று நம் மாநில மலராக இருப்பதும் அதுதான். அதே கிழங்கைத் தின்றால் சாவு. மில்லிகிராம் கணக்கில் அளந்து கொடுக்கும்போது மருந்து, அளவு தவறினால் விஷம். என் மருத்துவர் சிறுநீரகத்தைச் சோதித்துவிட்டு, மற்ற மாத்திரைகளையெல்லாம் கேட்டுவிட்டுத்தான் எழுதினார். மூட்டுவலிக்கு நல்லது என்று யாராவது அந்தக் கிழங்கை உரசிக் கொடுத்தால் தயவு செய்து தொடாதீர்கள்.

திடீரென்று ஒரு மூட்டு மட்டும் வீங்கிச் சுட்டால், அதுவும் காய்ச்சலோடு இருந்தால், அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். கிருமி இல்லை என்று தெரியும்வரை கவுட் என்று யாரும் பெயர் வைக்க விடாதீர்கள். இரத்தத்தில் ஓர் எண் கூடியிருப்பதால் மட்டும் யூரிக் ஆசிட் மாத்திரையை நீங்களாகத் தொடங்காதீர்கள். கவுட் என்று உறுதியானபின் மருத்துவர் தொடங்கியதை நீங்களாக நிறுத்தவும் செய்யாதீர்கள். மூட்டு நீர் எடுத்துப் பார்க்க முடியுமா என்று கேளுங்கள், கேட்பதில் தப்பே இல்லை. நோயாளியைப் பார்க்கப் போகிறவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். எதனால் வந்தது என்பதை அவரிடம் சொல்லாதீர்கள். எங்கே வலிக்கிறது, ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு வரட்டுமா என்று கேளுங்கள்.